தெளிந்த நீரும் தூய நீரும்

சித்தூருக்கு அண்மையில், நீவா நதிக்கரையில் அமைந்த சிற்றூர் எங்களுடையது. ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்தால் நதியில் வெள்ளம் வரும். எஞ்சிய மாதங்களில் மணல்தான் நதி. பள்ளி விடுமுறை நாட்களில் நாங்கள் அந்த மணலில் முழங்கால் ஆழம் தோண்டுவோம். சிறிது நேரத்தில் அடியில் நீர் சுரக்கும். முதலில் கலங்கி வரும் நீரைக் கொட்டாங்கச்சியால் இறைத்துவிட்டுக் காத்திருந்தால், பிறகு ஊறுவது கண்ணாடிபோல் இருக்கும். குனிந்து குடிப்போம். என் தந்தையைப் பெற்ற ஆயா குடம் குடமாக அந்த ஊற்று நீரைத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவார். "ஆத்துத் தண்ணிக்கு ஏதுடா தீட்டு?" என்பது அவருடைய வாதம்.

நான் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தபோது எங்கள் தெருவில் நான்கு பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. மூவர் ஆண்கள், கீழாநெல்லியும் மோரும் பத்தியமுமாக ஒரு மாதத்தில் எழுந்து நடமாடினார்கள். நான்காமவர் என் அண்ணி. அப்போது அவருக்கு எட்டாம் மாதம். மருத்துவமனையில் இருபது நாட்கள் கிடந்து உயிர் மீண்டார், குழந்தை மீளவில்லை. "ஒரே நோய், மூன்று ஆண்களை விட்டுவிட்டு இவளை மட்டும் ஏன் இப்படிச் சாய்த்தது?" என்று ஆயா பலநாள் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று விடை சொல்ல எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாது. திருப்பதிக்கு வந்து இரசாயனம் படிக்கத் தொடங்கிய பின்னர்தான் எனக்கு விடை கிடைத்தது. அதனுடன் என்னுடைய அறியாமை ஒன்றும் வெளிப்பட்டது. இரண்டையும் நம் மன்ற நண்பர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

மணலின் பெருமை

ஆயா சொன்னது முற்றிலும் மூடநம்பிக்கை அன்று என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஓடும் ஆறு தன்னைத் தானே ஓரளவு கழுவிக்கொள்கிறது. பெருகி வரும் நீர் அழுக்கை நீர்க்கச் செய்கிறது. வெயில் கிருமிகளைக் கொல்கிறது. காற்றிலிருந்து கரையும் பிராணவாயுவைக் கொண்டு நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று தீர்க்கின்றன. மணல் இவை அனைத்திற்கும் மேலான வேலையைச் செய்கிறது. மெல்ல நீர் கசியும் மணற்படுகையின் மேற்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் வழவழப்பான ஒரு மெல்லிய ஏடாகப் படர்கின்றன. நீரில் வரும் நோய்க்கிருமிகளை அந்த ஏடு பிடித்து வைத்து அழிக்கிறது.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 1892-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலரா பரவி 8,600-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்நகரம் எல்பே ஆற்று நீரை வடிகட்டாமல் குழாயில் விட்டுவந்தது. ஒட்டியே இருந்த ஆல்டோனா நகரமும் அதே ஆற்று நீரைத்தான் பருகியது. அதுவும் ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பின்னர், கீழ்ப்புறத்திலிருந்து எடுத்த நீர். எனினும் ஆல்டோனா அதை மணற்படுகையில் வடிகட்டிய பிறகே மக்களுக்குக் கொடுத்தது. ஆகவே பெரும்பாலும் தப்பியது. எல்லைத் தெருவின் ஒரு பக்கம் சாவு, மறுபக்கம் சுகம்! நீரைப் பற்றிய ஐரோப்பியர் எண்ணத்தையே மாற்றிய நிகழ்ச்சி அது.

அப்படியானால் எங்கள் ஊர் மணல் ஏன் அண்ணியைக் காக்கவில்லை? முழங்கால் ஆழக் குழி வடிகட்டி ஆகிவிடாது. மனிதர் இறங்கி மிதித்த குழி. மாடும் நாயும் வந்து வாய்வைத்த குழி. அன்றியும், மேற்புறத்து வாய்க்கால் ஒன்றின் வழியே கழிவுநீர் ஆண்டு முழுவதும் மணலில் இறங்கிக்கொண்டிருந்தது. நதியில் வெள்ளம் ஓடுவது சில வாரங்கள். சாக்கடை ஓடுவதோ 365 நாட்கள். நீர்க்கச் செய்ய நீரே இல்லாதபோது ஆறு எதைக் கொண்டு தன்னைக் கழுவிக்கொள்ளும்? போதாக்குறைக்கு, வடிகட்டியாக இருந்த மணலையும் லாரி லாரியாக ஏற்றி அனுப்பிவிட்டோம்.

இது நீவாவின் கதை மட்டும் அன்று. திருப்பதிக்கு அருகே செல்லும் ஸ்வர்ணமுகியைத் தமிழ் இலக்கியம் பொன்முகலி என்று போற்றுகிறது. திண்ணனாகிய கண்ணப்பர் அவ்வாற்று நீரை வாயில் முகந்து சென்று காளத்தியப்பருக்கு முழுக்காட்டினார் என்று பெரியபுராணம் கூறும். அன்பின் பெருக்கால் அளித்த நீரை இறைவன் ஏற்றான். இன்று அதே ஆற்றில் நகரக் கழிவும் கலக்கிறது, மணலும் குறைந்துவிட்டது. இறைவன் இன்றும் ஏற்கக்கூடும்; நம் குடல் ஏற்காது. திருப்பதி நகரமே கல்யாணி அணையிலிருந்தும் தெலுங்கு கங்கைக் கால்வாயிலிருந்தும் தண்ணீர் பெற்று வாழ்கிறது.

உயிருள்ள அழுக்கு

நீரில் கலக்கும் அழுக்கை நான் இரண்டாகப் பிரித்துக்கொள்கிறேன். ஒன்று உயிருள்ளது, மற்றது உயிரற்றது. இந்தப் பிரிவினையை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

காலரா, டைபாய்டு, சீதபேதி, மஞ்சள் காமாலை ஆகியவை உயிருள்ள அழுக்கால் வருவன. நோயாளியின் மலத்திலிருந்து கிருமி நீருக்குச் செல்கிறது; நீரிலிருந்து அடுத்தவர் வாய்க்குச் செல்கிறது. சொல்லக் கூச்சமாக இருப்பினும் உண்மை இதுதான்.

இவற்றுள் காலரா விரைந்து தாக்குவது. கிருமி உட்சென்ற சில மணி நேரம் முதல் ஐந்து நாட்களுக்குள் அரிசி கழுவிய நீர்போல் பேதி தொடங்கும். கிருமி குடலைக் கிழிப்பதில்லை. அது சுரக்கும் ஒரு நஞ்சு உடல்நீரைக் குடலுக்குள் இறைத்து வெளியேற்றிவிடுகிறது. இந்த நஞ்சை 1959-இல் கல்கத்தாவில் நிறுவிக் காட்டியவர் சம்புநாத் டே என்ற நம் நாட்டு விஞ்ஞானி. காலரா பழங்கதை என்று எண்ண வேண்டாம். 1992-ஆம் ஆண்டின் இறுதியில் ஓ-139 என்னும் புதுவகைக் காலராக் கிருமி சென்னையில் தலைகாட்டி, விரைவில் வங்கம் வரை பரவியது.

டைபாய்டு ஒன்று முதல் மூன்று வாரம் பதுங்கியிருந்து காய்ச்சலாக வெளிப்படும். நோய் நீங்கிய பின்னும் சிலருடைய பித்தப்பையில் கிருமி ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்கும். அவர்கள் நலமாக நடமாடிக்கொண்டே பிறருக்கு நோயை வழங்குவார்கள்.

இனி ஆயாவின் கேள்விக்கு வருகிறேன். 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் டில்லி மாநகரில் ஏறத்தாழ 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. வெள்ளத்துக்குப் பின் யமுனை தன் போக்கை மாற்றிக்கொண்டதால், நஜஃப்கர் சாக்கடையின் கழிவு வஜீராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடத்துக்கே வந்துவிட்டது. நீரேற்று நிலையத்தார் குளோரினைக் கூட்டினர். ஆகவே டைபாய்டும் பேதியும் பெருகவில்லை. ஆயினும் காமாலையை உண்டாக்கும் வைரஸ், கலங்கிய நீரில் குளோரினுக்குத் தப்பிவிட்டது. அன்று சேமித்து வைத்திருந்த இரத்த மாதிரிகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்தபோது, அது அதுவரை அறியப்பட்ட காமாலை வைரஸ் அன்று, வேறொன்று என்று தெரிந்தது. இன்று அதற்கு 'ஈ' வகைக் காமாலை என்று பெயர்.

இந்த 'ஈ' வகை மற்றவர்களைப் பெரும்பாலும் சில வாரம் படுக்கவைத்து விட்டுவிடும். ஆனால் கருவுற்ற பெண்களை, அதிலும் கடைசி மூன்று மாதத்தில் இருப்பவர்களை, ஈவிரக்கமின்றித் தாக்கும். அந்நிலையில் நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை இறக்கக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. பாடப் புத்தகத்தில் இந்த வரியைப் படித்த அன்று நான் நூலகத்திலிருந்து எழுந்து வெளியே வந்துவிட்டேன். அண்ணி பிழைத்தது எவ்வளவு பெரிய பேறு என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இன்னொன்றும் விளங்கியது. இந்த நோய் நீரைக் குடித்த மறுநாள் வருவதில்லை. இரண்டு வாரம் முதல் பத்து வாரம் வரை கழித்தே வருகிறது. அதற்குள் நாம் குடித்த நீரை மறந்துவிடுகிறோம். கல்யாண வீட்டுச் சாப்பாட்டின் மீதோ, கண்ணேறின் மீதோ பழியைப் போடுகிறோம். குற்றவாளி நாள் கடந்து வருவதால் நிரபராதிபோல் நிற்கிறான்.

காய்ச்சிக் கெடுத்த கதை

அண்ணிக்கு நேர்ந்ததற்குப் பிறகு எங்கள் உறவினர் வீடுகளிலெல்லாம் நான் ஒரு பிரசாரகனாகிவிட்டேன். "தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்!" என்பதே என் மந்திரம். என் அத்தை ஒருவர் பாலாற்றுக் கரையில், தோல் பதனிடும் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியில் வாழ்க்கைப்பட்டவர். என் சொல்லை வேதமாகக் கொண்டு, கிணற்று நீரைப் பெரிய தவலையில் ஊற்றி, சுண்டச் சுண்டக் காய்ச்சினார். "படிக்கிற பிள்ளை சொல்லிச்சு" என்று அண்டை வீடுகளுக்கும் கொடுத்தார்.

இரண்டாண்டு கழித்து நான் அங்கே சென்றபோது அந்த நீரைக் குடித்தேன். வாயில் கரித்தது. ஒரு குப்பியில் பிடித்துவந்து எங்கள் சோதனைச் சாலையில் ஆராய்ந்தேன். ஒரு லிட்டரில் கரைந்துள்ள உப்புகள் 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீருக்கு வழியில்லையென்றால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அத்தையின் கிணற்று நீர் காய்ச்சும் முன்பே அந்த மேல் எல்லையைத் தாண்டியிருந்தது. நான்கு படி நீரை மூன்று படியாகச் சுண்டவைத்தால் ஆவியாகப் போவது நீர் மட்டுமே. கரைந்த உப்புகளில் பெரும்பகுதி அப்படியே தங்கிவிடும். படிக்குப் படி மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். கிருமியைக் கொல்லச் சொன்ன நான் உப்பைக் கூட்டிக் கொடுத்திருக்கிறேன்! அத்தைக்கு இரத்த அழுத்தம் இருந்தது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார், குழம்பில் குறைத்தார். தண்ணீரில் இருந்ததை யார் குறைப்பது?

இதுவே நான் குறிப்பிட்ட உயிரற்ற அழுக்கு. பாலாறு கர்நாடகத்தில் பிறந்து, சித்தூர் மாவட்டத்துக் குப்பம் வழியாக 33 கிலோமீட்டர் ஓடித் தமிழ்நாட்டில் நுழைகிறது. எங்கள் நீவாவும் பொன்னையாறு என்ற பெயரில் அதில்தான் போய்க் கலக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிடும் தொழில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது; இதை மறக்கலாகாது. ஆனால் அத்தொழிலின் முறையைப் பாருங்கள். தோல் அழுகாதிருக்க உப்பிட்டு வருகிறது. முதல் வேலை அவ்வுப்பைக் கழுவுவது. பிறகு சுண்ணாம்பு, அமிலம், குரோமிய உப்பு என்று பல இரசாயனங்களில் ஊறுகிறது. இக்கழிவு நெடுங்காலம் ஆற்றிலும் நிலத்திலும் விடப்பட்டது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் சிறிதளவோ முழுவதுமோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்ற ஆய்வுக் கணக்கு உச்சநீதிமன்றத் தீர்ப்பிலேயே இடம்பெற்றிருக்கிறது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த அவ்வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் வந்த தீர்ப்பு, "கெடுத்தவனே ஈடுசெய்ய வேண்டும்" என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. 28 ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2025 ஜனவரி 30-ஆம் நாள் அதே பாலாற்றைக் குறித்து உச்சநீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்கவேண்டி வந்தது. நிலத்தடி நீரில் இறங்கிய உப்பு தீர்ப்பின் வேகத்தில் வெளியேறுவதில்லை.

உயிரற்ற அழுக்கு எல்லாமே மனிதன் கலந்ததும் அன்று. சில இடங்களில் பாறையே ஃபுளோரைடு என்னும் உப்பை நீரில் கரைக்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் குழந்தைகளின் பற்கள் பழுப்பேறும். மேலும் மிகுந்த நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பு இறுகி முதுகு வளையும். இந்தியாவில் இந்நோயை முதன்முதலில் 1937-இல் விவரித்தது நம் அண்டை மாவட்டமான நெல்லூரில்தான். அன்று அது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. சாக்கடையும் உரமும் மண்ணில் இறங்கி நைட்ரேட்டாக மாறும். அது 45 மில்லிகிராமைத் தாண்டிய நீரில் பால் கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாரிக்கக்கூடும். இவை எதையும் கண் காணாது. காய்ச்சுவதால் எதுவும் போகாது.

நாம் செய்யத்தக்கவை

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்றே. தெளிந்த நீரெல்லாம் தூய நீர் அன்று. காய்ச்சிய நீரெல்லாம் நல்ல நீரும் அன்று. எந்த அழுக்கு என்று அறிந்த பிறகே மருந்தைத் தேட வேண்டும்.

ஆகவே முதல் வேலை சோதனை. கிணற்று நீரையோ ஆழ்குழாய் நீரையோ குடிப்பவர்கள் அதை அரசாங்க நீர்ச் சோதனைச் சாலையில் கொடுத்து, உப்பு, ஃபுளோரைடு, நைட்ரேட், கிருமி ஆகிய நான்கையும் பார்க்கச் சொல்ல வேண்டும். கிருமியை மட்டும் அறிய எளிய வழி ஒன்று 1982-இல் நம் நாட்டு விஞ்ஞானிகளால் கண்டறியப்பட்டது. மருந்திட்ட சிறு குப்பியில் நீரை நிரப்பி ஒரு நாள் வைத்தால், மலக்கலப்புள்ள நீர் கறுத்துவிடும்.

கிருமிதான் குறை என்றால் காய்ச்சுவதே தலைசிறந்த வழி. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். சுண்டவைப்பது விறகுக்கும் கேடு, உடலுக்கும் கேடு. குளோரின் கலப்பதானால் நீர் தெளிந்திருக்க வேண்டும். கலந்தபின் அரைமணி நேரமாவது காத்திருக்க வேண்டும். தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறம் உரைத்துக் கலங்கலை அடியில் படியவைப்பது நம் முன்னோர் கண்ட நல்ல முறை. அது தெளிவைத் தரும். தூய்மைக்கு அதன்பின் காய்ச்சத்தான் வேண்டும்.

உப்பும் ஃபுளோரைடும் குறை என்றால் காய்ச்சிப் பயனில்லை. சவ்வு வழியே நீரைச் செலுத்தி உப்பை நீக்கும் இயந்திரம் வேண்டும். அல்லது வேறு நீர் வேண்டும். எல்லாவற்றிலும் மலிவானது மழைநீர். முதல் மழையில் கூரையைக் கழுவவிட்டு, அடுத்த மழையை மூடிய தொட்டியில் பிடித்தால் அதில் உப்பும் இல்லை, ஃபுளோரைடும் இல்லை. குடிக்கும்முன் ஒரு கொதி போதும். என் அத்தை இப்போது செய்வது இதுதான். என் பழைய உபதேசத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்ட அன்று, "அப்போ ரெண்டு வருஷம் வீணா வெறகு எரிச்சேனா?" என்று கேட்டாரே தவிர, வேறொன்றும் சொல்லவில்லை.

விடுதி நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. சுத்தமான நீரும் நம் கையால் கெடும். குடத்துக்குள் டம்ளரைக் கையோடு விடாமல், நீண்ட காம்புள்ள அகப்பையால் எடுக்க வேண்டும். குழாயில் விட்டுவிட்டு நீர் வரும் ஊர்களில், நீர் நின்ற நேரத்தில் குழாயின் விரிசல் வழியே பக்கத்துச் சாக்கடை உள்ளே இழுக்கப்படுவதுண்டு. ஆதலின் முதலில் வரும் நீரைப் பிடிக்கலாகாது.

பேதி கண்டால் நீரை நிறுத்தாதீர்கள், கூட்டிக் கொடுங்கள். காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் நீரில் ஆறு சிறு கரண்டி சர்க்கரையும் அரைச் சிறு கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து கரைத்துக் கொடுக்க வேண்டும். 1971-இல் வங்க அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலநாபிஸ் இத்தகைய கரைசலைக் கொண்டுதான் ஆயிரக்கணக்கான காலரா நோயாளிகளைக் காத்தார். எளிதில் செரிக்காத ஒருவகை மாவுப்பொருளை இக்கரைசலில் சேர்த்தால் பேதி மேலும் குறைகிறது என்று 2000-ஆம் ஆண்டில் உலகுக்குக் காட்டியவர்கள் நம் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள். கரைசலுக்கும் நிற்காத பேதியையும், கருவுற்ற பெண்ணுக்குக் கண்ட காமாலையையும் வீட்டில் வைத்துப் பார்க்கலாகாது; அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஆனால் வீட்டுக்கு வீடு அடுப்பை மூட்டி ஆற்றின் பிழையைத் திருத்திவிட முடியாது. சாக்கடையை ஆற்றுக்கு வெளியிலேயே சுத்திகரிப்பதும், மணலை ஆற்றிலேயே விட்டுவைப்பதும், ஊர்தோறும் நீர்ச் சோதனையின் முடிவை எல்லோரும் காணப் பலகையில் எழுதி வைப்பதும் பொதுக் காரியங்கள். இவற்றைக் கேட்டுப் பெறவேண்டியவர்கள் படித்தவர்கள். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது நம் மன்றத்து நண்பர் ஒவ்வொருவரும் தம் ஊர்க் குடிநீரில் ஒரு குப்பி கொண்டுவரட்டும். இரசாயனம் படிக்கும் நாங்கள் சோதித்து முடிவைச் சொல்கிறோம். அதை ஊராரிடம் கொண்டுசேர்ப்பது உங்கள் பொறுப்பு.

முதல் குப்பியை நானே கொண்டுவந்து வைத்திருக்கிறேன். நீவா மணலில் ஊறிய நீர்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், சிறுவயதில் குனிந்து குடித்தேனே, அதே தெளிவு. ஆயாவிடம் காட்டியபோது, "நல்லாத்தானேடா இருக்கு" என்றார். மறுநாள் காலையில் குப்பி கறுத்திருந்தது. அதையும் காட்டினேன். நெடுநேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, அண்ணி இருந்த அறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அதன்பின் அவர் ஆற்றுக்குக் குடம் எடுத்துச் செல்லவில்லை.